கேட்ட வினாவும் எழுதும் விடையும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் தமிழ்மொழிமூல மாணவர்கள், தமிழ்ப் பாடசாலையிற் பயின்றாலும் முஸ்லிம் பாடசாலையிற் பயின்றாலும், 'தமிழ்மொழியும் இலக்கியமும்' என்னும் ஒரே பாடத்துக்கே விடை எழுதுகின்றனர். இதற்கு மேலதிகமாகத் 'தமிழ் இலக்கிய நயம்' என்னும் பாடத்தைத் தெரிவுசெய்வோரும் உளர். பழந்தமிழ்ச் செய்யுளொன்றைப் படித்து, அதனைக் கிரகித்து, அதன்மீது கேட்கப்படும் வினாக்களுக்கு விடை எழுதும் ஆற்றல் இப்பாடங்களில் இன்றியமையாததாகும். ஆயினும் செய்யுளைக் கண்டவுடன் அச்சம், வினாவைக் கண்டவுடன் அவசரம், பெறுபேறு வந்தவுடன் கவலை என்பதே பல வீடுகளில் நாம் கேட்கும் கதையாக உள்ளது.

விடைத்தாள் திருத்தும் அனுபவம் வாய்ந்த ஆசிரியர்களுடன் உரையாடும் போதெல்லாம் அவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். எதுவுமே தெரியாமல் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுச் செல்லும் மாணவர் குறைவு. கேட்கப்பட்டது ஒன்றாக இருக்க, அதனோடு உறவுடைய மற்றொன்றைப் பக்கம் நிறைய எழுதிவிட்டுச் செல்வோரே அதிகம். அவ்வாறு எழுதியவர் நன்றாக எழுதியதாகவே எண்ணி வீடு திரும்புகின்றார். புள்ளி குறைந்தமைக்கான காரணம் அவருக்கு ஒருபோதும் விளங்குவதில்லை.

இக்குறைக்கு எமது இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே பெயரிட்டு வைத்துள்ளனர் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்துக் காட்டுகின்றது. விடைக்கு அந்நூல் வழங்கும் பெயர் 'இறை' என்பதாகும். வழி எதுவென்று கேட்டவனுக்கு 'இது' எனக் காட்டுவது சுட்டு. 'இதனைச் செய்வாயா?' என்றவனுக்குச் 'செய்யேன்' என்பது மறை. 'செய்வேன்' என்பது நேர். இம்மூன்றும் வினாவுக்கு நேராக வந்து பொருந்துவதால் செவ்வனிறை எனப்படும். 'நீயே செய்' என ஏவுதல், 'செய்யாதிருப்பேனோ?' எனத் திருப்பி வினாதல், 'உடம்பு நொந்தது' என நேர்ந்ததைக் கூறுதல், 'உடம்பு நோகும்' என நேரப்போவதைக் கூறுதல், 'மற்றையதைச் செய்வேன்' என இனமான வேறொன்றைக் கூறுதல் என்பன எஞ்சிய ஐந்துமாகும். இவை நேர்விடை அல்லவாயினும், கேட்டவன் குறிப்பினால் விடையை உணர்ந்துகொள்வான் ஆதலின் விடையாகவே கொள்ளப்பட்டன. இவ்வரிசையில் இறுதியாக நிற்பதன் பெயர் 'இனமொழி'.

அன்றாட வாழ்வில் இனமொழி பயனுள்ளது, பண்பானதுங்கூட. 'உளுந்து உண்டா?' என்று கேட்டவருக்குப் 'பயறு இருக்கின்றது' என்று கடைக்காரர் கூறும்போது, இல்லை என்ற சொல்லை வாயினாற் சொல்லாமலே சொல்லிவிடுகின்றார். பரீட்சை மண்டபத்தில் நிலைமை வேறு. கண்ணகி சிலம்பை ஏன் உடைத்தாள் என்ற வினாவுக்கு அவளுடைய கற்பின் சிறப்பைப் பற்றி அரைப்பக்கம் எழுதுவது இனமொழியே அன்றி வேறில்லை. கும்பகர்ணன் இராவணனுக்கு என்ன அறிவுரை கூறினான் என்ற வினாவுக்குக் கும்பகர்ணனின் உறக்கத்தை வர்ணிப்பதும் அவ்வாறானதே. திருத்துபவர் உளுந்து கேட்கின்றார். மாணவர் மூட்டை மூட்டையாகப் பயறு கொண்டுவந்து இறக்குகின்றார்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? எமது அவதானிப்பின்படி, மாணவர் செய்யுளைச் சந்திப்பதற்கு முன்னரே செய்யுளைப் பற்றிய குறிப்பைச் சந்தித்துவிடுகின்றமையே முதற் காரணமாகும். நாட்டில் 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. செய்யுள் மாணவரின் கையிலேயே இருக்கின்றது. எனினும் தனியார் வகுப்புக்களில் முதலில் தரப்படுவது பொழிப்பு, பின்னர் எதிர்பார்க்கை வினாக்கள், அவற்றுக்கான ஆயத்த விடைகள் என்றவாறே பாடம் நகர்கின்றது. செய்யுள் இறுதியில் வருகின்றது. சில வேளைகளில் வருவதேயில்லை. இப்போது கையடக்கத் தொலைபேசியிடம் கேட்டாலும் நொடிப்பொழுதில் விடை கிடைக்கின்றது. அவ்விடை நல்ல தமிழில் இருக்கலாம். ஆனால் மாணவர் செய்ய வேண்டிய வாசிப்பை வேறொருவர் செய்து கொடுப்பதிற் பழைய கைநூலுக்கும் புதிய செயலிக்கும் இடையே நாம் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. மாணாக்கரின் தரங்களை உவமித்துச் சொன்ன நன்னூலார் அன்னத்தையும் பசுவையும் தலையாயவர்க்கும், மண்ணையும் கிளியையும் இடையாயவர்க்கும் ஒப்பிட்டார். கற்பித்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் இடைநிலையாவது தந்தார் என்பது கவனத்துக்குரியது. இன்றைய பரீட்சகர்கள் அந்தளவு தாராளமாக இருப்பார்களென நாம் நினைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கோவலன் கள்வன் அல்லன் என்பது அரசவையில் எவ்வாறு நிறுவப்பட்டது என்பது எவரும் கேட்கக்கூடிய எளிய வினா. 'கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது' என்பதே வழக்கமாக எழுதப்படும் விடை. இதிற் பிழையில்லை, ஆனால் பாதி விடுபட்டுள்ளது. மாணிக்கம் தெறித்தமை தன்னளவில் எதனையும் நிறுவாது. அதற்கு முன்னர் இருவர் கூற்றுக்கள் நிகழ்கின்றன. தன் சிலம்பின் உள்ளே இருப்பவை மாணிக்கப் பரல்கள் என்று கண்ணகி சொல்கின்றாள். தம்முடைய சிலம்பின் உள்ளே இருப்பவை முத்துக்கள் என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்கின்றான். இவ்விரண்டும் பதிவான பின்னரே சிலம்பு கொண்டுவரப்பட்டு முன்னே வைக்கப்படுகின்றது. வழக்கை முடித்து வைப்பது அரசனின் ஒப்புதல் வாக்குமூலம் என்பதை, செய்யுளை நிரலாக வாசித்தவர் மட்டுமே எழுத முடியும்.

அதே பகுதியில் இன்னொரு வினா: உடைக்கப்பட்டது எந்தச் சிலம்பு? கண்ணகி ஒரு சிலம்பைக் கையில் ஏந்தியவாறு அவைக்கு வருகின்றாள். நாட்காட்டிப் படங்களும் சிலைகளும் அக்காட்சியையே எமது மனத்திற் பதித்துள்ளன. எனவே கையிலிருந்த சிலம்பையே உடைத்தாள் என எழுதுவோர் உளர். அது எவ்வாறு பொருந்தும்? அவள் கையிலிருந்த சிலம்பு யாருடையது என்பதிற் பிணக்கே இல்லையே. கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்டு, அரசியுடையது எனக் கருதப்பட்ட சிலம்பைக் கொணரச் செய்து, அதனையே அவள் உடைக்கின்றாள் என்று காப்பியம் தெளிவாகக் கூறுகின்றது. 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தின் நீண்ட வசனங்களை நினைவில் வைத்துக்கொண்டு விடையெழுதுவோர், இளங்கோவின் கண்ணகி அந்த அவையில் மிகக் குறைவாகவே பேசுகின்றாள் என்பதையும் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

இதற்கு முந்திய கொலைக்களக் காதையில் அரசன் பிறப்பிக்கும் கட்டளை இன்னும் நுட்பமான வாசிப்பை வேண்டி நிற்பது. பாண்டியன் ஆராயாதவனாகி அக்கட்டளையை இட்டான் எனக் கவிஞர் குறை கூறுகின்றார். ஆனால் அக்கட்டளையில் ஒரு நிபந்தனையும் உள்ளது. சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் கொன்று அதனைக் கொண்டுவருக என்பதே கட்டளையின் சாரம். 'ஆகின்' என்னும் ஒரு சொல் அந்த நிபந்தனையைத் தாங்கி நிற்கின்றது. அரசன்மீது குற்றம் உண்டா, உண்டெனின் எவ்வளவு என்ற வினாவுக்கு விடையெழுதுபவர், ஆராயாமை என்ற குற்றச்சாட்டையும் 'ஆகின்' என்ற நிபந்தனையையும் ஒருசேர நிறுத்திப் பார்க்க வேண்டும். நிபந்தனை இருந்தது, ஆயின் கையில் இருக்கும் சிலம்பு எவருடையது என்பதை ஆராய்வதற்கு அந்நிபந்தனையில் இடமில்லை. இவ்வாறு எழுதப்படும் மூன்று வரி விடை, அரசநீதி பற்றி எழுதப்படும் மூன்று பக்கத்திலும் பெறுமதியானது. 'ஆகின்' என்ற சொல்லைக் கவனியாமல் வாசித்துப் பழகிய பிள்ளை நாளை ஒரு காணி உறுதியையோ, ஒரு கடன் ஒப்பந்தத்தையோ, அரசாங்கச் சுற்றுநிருபத்தையோ வாசிக்கும் போதும் அவ்வாறே வாசிக்கும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கச் செய்யுட்களிற் சொற்சிக்கனம் இன்னும் அதிகமாதலின் அங்கே தவறி விழுவதும் இலகு. புறநானூற்றின் 95ஆவது செய்யுள் இதற்கு மிகச் சிறந்த சான்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கின்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டுகின்றான். அதைக் கண்டு ஔவையார் பாடியது இச்செய்யுள். இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, காம்பு திருத்தி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் உள்ளன. அங்குள்ளவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறுபட்டறையிற் கிடக்கின்றன என்பது பாடலின் பொருள்.

புலவர் யாரைப் புகழ்கின்றார் என்பது வினாவாயின், மேலோட்டமாக வாசித்த மாணவர் தொண்டைமானை என்றே எழுதுவார். ஏனெனில் அழகான சொற்கள் எல்லாம் அவனுடைய படைக்கலங்களுக்கே கொடுக்கப்பட்டுள்ளன. வஞ்சப் புகழ்ச்சி என்று குறிப்பிற் படித்தவர் அதியமானை என்று சரியாக எழுதுவார். ஆனால் 'அதனைச் செய்யுளிலிருந்து நிறுவுக' என அடுத்த வினா வந்தால் அவரும் திகைத்துவிடுவார். நிறுவுவதற்கான சான்றுகள் செய்யுளிலேயே வரிசையாக இருக்கின்றன. 'இவ்வே' என ஒரு பக்கத்தையும் 'அவ்வே' என மறுபக்கத்தையும் சுட்டி எதிரெதிராக நிறுத்துகின்றார் புலவர். நெய் பூசிய வேல் போரைக் காணாத வேல். நுனி சிதைந்த வேல் போரிலே உழைத்த வேல். இவற்றுக்கு மேலாக, சிதைந்த வேல்களுக்கு உரியவனை அவர் 'எம்' கோமான் என்கின்றார். அந்த ஒரு சொல்லில் புலவர் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகின்றார் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடுகின்றது. பொருள் இருக்கும்போது பிறருக்குக் கொடுத்தும், இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு சேர்ந்து உண்டும் வாழ்பவன் அத்தலைவன் என்று பாடல் முடிவதையும் விடையிற் சேர்த்துக்கொள்ளலாம். படைக்கலத்தைப் பற்றிய பாடலின் முடிவில் ஏன் உணவு வருகின்றது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் மாணவர் செய்யுளுக்குள் வந்துவிட்டார் எனலாம்.

இச்செய்யுள் இன்னும் சில படிப்பினைகளைத் தருகின்றது. ஔவையார் எங்கே, எவர் முன்னிலையில் நின்று பாடினார் என்ற செய்தி பாடலினுள் இல்லை. பாடலின் கீழுள்ள பழைய குறிப்பிலேயே உள்ளது. அக்குறிப்பையும் திணை, துறை என்பவற்றையும் மனனஞ் செய்யவேண்டிய சுமையாக மட்டும் எமது மாணவர் கருதுகின்றனர். உண்மையில் அவை பாடலுக்குள் நுழைவதற்கான வாயில்கள். அகப்பாடல்களில் 'கூற்று' என்பதும் அவ்வாறானதே. தலைவி பேசுகின்றாளா தோழி பேசுகின்றாளா என்று அறியாமல் அங்கே ஓரடியும் நகர முடியாது. அடுத்தது சொற்பொருள். இச்செய்யுளில் 'கொல்' என வருவது கொல்லுதலைக் குறிக்கவில்லை. கொல்லனின் தொழிலைக் குறிக்கின்றது. கோவலனைக் காட்டிக்கொடுத்த பொற்கொல்லனின் பெயரிலுள்ள 'கொல்' தான் அது. பாடலின் கீழுள்ள குறிப்பில் வரும் 'கொட்டில்' என்பதும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த பிள்ளைக்கு ஓலை வேய்ந்த சிறு குடிலையே நினைவூட்டும். தொண்டைமான் பெருமிதத்தோடு காட்டிய இடம் அத்தகையதன்று.

இவ்வாறு பழக்கமான சொல்லே மாணவரை அதிகம் ஏமாற்றுகின்றது. தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டவாவது தோன்றும். தெரிந்த சொல் சந்தேகத்தை எழுப்புவதில்லை. 'நாற்றம்' என்பது பழந்தமிழில் நறுமணத்தையும், 'கிழவன்' என்பது உரியவனையும் குறிக்கும் என்பதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மாணவர் மறக்கமாட்டார். வகுப்பிற் சிரிப்பொலி எழும் என்பதும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பதம் பிரித்தலிலும் இத்தகைய வழுக்கல்கள் உள்ளன. 'தாமரை' என்பது பூவாகவும் இருக்கலாம். தாவுகின்ற மானாகவும் இருக்கலாம் என்று இலக்கண ஆசிரியர்கள் உதாரணங் காட்டுவது வெறும் வேடிக்கைக்காக அன்று. எந்தப் பிரிப்பு அந்த இடத்திற் பொருந்தும் என்பதைச் சூழலே தீர்மானிக்கும்.

வெளியறிவு விடையைக் கெடுக்கும் மற்றொரு வகையும் உண்டு. இது கெட்டிக்கார மாணவருக்கே நேர்வது. கம்பராமாயணத்தின் சூர்ப்பணகைப் படலத்தையோ சடாயு உயிர்நீத்த படலத்தையோ வாசித்து விடையெழுத வேண்டியவர், தான் தொலைக்காட்சியிற் கண்ட இராமாயணத்தை எழுதிவிடுகின்றார். இலட்சுமணன் கீறிய கோட்டைச் சீதை தாண்டியதால் துன்பம் நேர்ந்தது என்பது பரவலாக நம்பப்படும் கதை. அது வான்மீகத்திலும் இல்லை, கம்பரிடத்திலும் இல்லை. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரோ அவளைத் தீண்டாமல், பன்னசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாகப் பாடியுள்ளார். கம்பர் ஏன் மாற்றினார் என்பது ஆராயத்தக்க வினா. ஆனால் மாற்றியிருக்கின்றார் என்பதைக் காணாதவருக்கு அந்த வினாவே எழாது.

இதே ஆபத்து முஸ்லிம் மாணவருக்கும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களையும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களையும் கொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை மத்ரஸாவிலும் பாடசாலை இஸ்லாம் பாடத்திலும் பயின்ற மாணவர், சீறாவைப் பற்றிய வினாவுக்கு அந்த வரலாற்றறிவிலிருந்தே விடை எழுதிவிடுகின்றார். நாட்டுப் படலத்திற் புலவர் காட்டும் அரபு நாட்டின் வளம் யாது எனக் கேட்டால், பாலைவனமும் ஒட்டகமும் பேரீச்சையும் விடைத்தாளில் வந்து நிற்கின்றன. உமறுப்புலவர் அங்கே பாடியிருப்பது மழையையும் வெள்ளத்தையும் உழவையும் வயலையுமாகும். அரபு நாட்டிற் பாலை உண்டென்பதைப் புலவர் அறியாதவரல்லர். காப்பியத் தலைவரின் நாட்டை வளம் பொருந்திய மருதமாகப் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. கோசலத்தைப் பாடிய கம்பரும் அவ்வழியே சென்றவர்தான். கேட்கப்பட்டது 'புலவர் காட்டும் வளம்' ஆதலால் வயலையே எழுத வேண்டும். அது புவியியலோடு பொருந்துமா என அடுத்த வினா கேட்குமாயின், அப்போது காப்பிய மரபை விளக்கலாம்.

தமிழ் மாணவர் சீறாவையும் முஸ்லிம் மாணவர் கம்பரையும் வாசிக்கும்போது இந்த வெளியறிவுச் சுமை குறைவு என்பதால், சில வேளைகளில் அவர்களே செய்யுளோடு ஒட்டிய விடையைத் தருகின்றனர் என ஆசிரியர்கள் கூறக் கேட்டிருக்கின்றோம். நியாயமான அவதானிப்பாகவே படுகின்றது. தன் வீட்டுக் கதை எனத் தெரிந்ததை யாரும் ஊன்றி வாசிப்பதில்லை.

வினாவின் ஏவற்சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 'கருத்தை எழுதுக' என்பதற்கும் 'விளக்குக' என்பதற்கும் 'நயங் கூறுக' என்பதற்கும் ஒரே விடை எழுதப்படுகின்றது. முதலாவது, சொல்லப்பட்டதைத் தன் சொற்களிற் சுருக்கித் தருதல். இரண்டாவது, சொல்லப்பட்டதற்கான காரணத்தையும் தொடர்பையும் காட்டுதல். மூன்றாவதுதான் சொன்ன விதத்தின் சிறப்பைக் காட்டுதல். 'உவமை, எதுகை, மோனை என்பன சிறப்பாக அமைந்து இச்செய்யுளுக்கு அழகூட்டுகின்றன' என்ற வாக்கியத்தை நாம் எண்ணற்ற பயிற்சிக் கொப்பிகளிற் கண்டுள்ளோம். தமிழில் உள்ள எல்லாச் செய்யுளுக்கும் பொருந்தும் அவ்வாக்கியம் எந்தச் செய்யுளைப் பற்றியும் எதனையும் சொல்வதில்லை. எந்த உவமை, எதற்கு உவமை, அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கின்றது என்று ஒன்றையேனும் காட்டினாற் போதும். இரண்டு புள்ளிக்குரிய வினாவுக்கு இரண்டு கருத்துக்களும் அவற்றுக்கான இரண்டு சான்றுகளும் போதுமானவை.

மாணவரை மட்டும் குறை கூறிவிட்டு நகர்வது நீதியாகாது. வினாக்களைத் தயாரிப்போர்க்கும் இதிற் பங்குண்டு. செய்யுளை ஒரு கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் வாசித்துப் பாருங்கள். அப்போதும் விடை எழுத முடியுமாயின் அது கிரகித்தல் வினா அன்று, ஞாபக வினா. இந்நூலை இயற்றியவர் யார், இக்காண்டத்தில் எத்தனை காதைகள் உள்ளன என்பன போன்றவை அறியத்தக்கவையே. ஆனால் பக்கத்தில் ஒரு செய்யுளை அச்சிட்டுவிட்டு அவற்றைக் கேட்பது செய்யுளை அலங்காரப் பொருளாக்கிவிடுகின்றது. பாடசாலைத் தவணைப் பரீட்சைகளில் இத்தகைய வினாக்கள் மிகுந்திருக்கும் வரை, மாணவர் செய்யுளை விட்டுக் குறிப்பை நம்புவதைக் குறை சொல்லவும் இயலாது.

வினவி விடைகாணும் முறை மேல்நாட்டுப் பரீட்சைகளோடு வந்ததென்று எண்ணுவோரும் உளர். நன்னூல் காண்டிகையுரைக்கு வகுத்த உறுப்புக்கள் கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்பனவாகும். வினாவும் விடையும் உரையின் உறுப்புக்களாகவே அங்கு கொள்ளப்பட்டுள்ளன. திருக்குறளின் கல்வி அதிகாரத்து முதற் குறளில் வரும் 'கசடு' என்ற சொல்லுக்குப் பொருளுரைக்கும் பரிமேலழகர், ஒன்றை வேறொன்றாக மாறியுணர்வதையும் இதுவோ அதுவோ என ஐயுறுவதையும் அதனுள் அடக்குகின்றார். விடைத்தாள்களில் நாம் காணும் பிழைகளும் அவ்விரண்டே. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879) தம் 'இலக்கணச் சுருக்கம்' நூலிற் பாடங்களின் முடிவிலே தேர்வு வினாக்களைச் சேர்த்தார். ஒவ்வொரு வினாவும் அப்பாடத்துக்குள் விடை உள்ளதாக, குறுகியதாக, கவர்ச்சொல் எதுவுமற்றதாக அமைந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு அதனைவிட நல்ல முன்மாதிரியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

செய்யுளில் ஓரிடம் விளங்கவில்லை என்பதும் குறைபாடன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழைப் பற்றியும் இசையைப் பற்றியும் வரும் பகுதிகள் கற்றோருக்கும் விளங்காமலே கிடந்தன. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவ்வரிகளையும் அடியார்க்குநல்லாரின் உரையையும் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு 'யாழ்நூல்' என்ற பெருநூலைத் தந்தார். ஒரு காதையின் சில அடிகளுக்கான விடை ஒரு நூலாக விரிந்தது. நன்னூலார் வினாவின் வகைகளிற் சொன்ன 'அறியா வினா' அது. கேட்பவர் உண்மையிலேயே விடையை அறியாமற் கேட்பது. ஆசிரியர் கேட்பது 'அறிவினா'. வகுப்பறையில் அறிவினா மட்டுமே ஒலிக்கின்றது. மாணவர் தம் அறியா வினாவைக் கேட்பதற்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்கினால் என்ன?

அதற்குச் செலவெதுவும் இல்லை. குறிப்பைக் கொடுக்காமற் செய்யுளை மட்டும் கரும்பலகையில் எழுதுவது. இருமுறை உரத்து வாசிப்பிப்பது. முடிக்கும் வினைச்சொல்லைக் கண்டுபிடித்து, அதைச் செய்தவர் யார் என்று தேடச் செய்வது. விளங்காத சொற்களை மாணவரே அடிக்கோடிடச் செய்வது. இவ்வளவு முடிந்த பின்னர் வினாத்தாளைக் கொடுத்தால் அவர்களின் விடைகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆசிரியர்களே ஒப்பிட்டு அறியலாம்.

இம்முறையிற் கற்பிக்க மிகப் பொருத்தமான ஒரு பகுதி சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்திலுள்ள 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஆகும். வேடன் ஒருவன் பெண்மானொன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றான். கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர அனுமதி பெற்றுத் தருமாறு அது நபிகளாரிடம் வேண்டுகின்றது. நபிகளார் பிணை நிற்க, வேடன் தயக்கத்தோடு மானை விடுகின்றான். போகவேண்டாமெனத் தன் இனம் தடுத்தும் மான் கன்றோடு திரும்பி வருகின்றது. இறுதியில் வேடன் இஸ்லாத்தை ஏற்கின்றான்.

மான் ஏன் திரும்பி வந்தது என்பது வினா. 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக' என்பதே கைநூல் விடை. அரிச்சந்திரன் முதல் எவருக்கும் பொருந்தக்கூடிய அந்த விடையை எழுதும் முன், படலத்தின் பெயரிலுள்ள 'பிணை' என்னும் சொல்லின்மீது மாணவரைச் சிறிது நேரம் நிற்கச் செய்ய வேண்டும். பழந்தமிழிற் பிணை என்றால் பெண்மான். பிணை என்றால் ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பும் ஆகும். இரண்டாவது பொருளை எமது பிள்ளைகளுக்கு விளக்க அகராதி வேண்டியதில்லை. பத்திரிகைகளின் நீதிமன்றச் செய்திகளில் அச்சொல் நாள்தோறும் வருகின்றது. பிணையில் விடுவிக்கப்பட்டவர் திரும்பி வராவிட்டால் யாருக்கு இழப்பு என்று வகுப்பிற் கேட்டுப் பாருங்கள். பிணை வைத்தவருக்கு என்று எவரேனும் ஒரு மாணவர் நிச்சயம் சொல்வார். அதன் பின்னர், தன்னைத் தடுத்த இனத்திடம் மான் என்ன சொல்கின்றது என்பதைச் செய்யுளிலே தேடச் சொல்லுங்கள். தனக்காகப் பிணை நின்றவரைக் கைவிட அதற்கு மனமில்லை என்பதை அவர்களே கண்டெடுத்து, செவ்வனிறையாக எழுதுவார்கள்.